குண்டு பல்பில் தெரியாத மஞ்சள்

அந்தக் கண்ணாடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வட்டமானது, ஓரத்தில் தகரம் மடித்தது, பின்பக்கம் பச்சைப் பெயிண்ட். மாமாவின் காக்கிச் சட்டைப் பையில் சீப்போடு சேர்ந்து கிடக்கும். அவர் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி வழியாகக் கொடைரோடு போய்த் திரும்புகிற வண்டி. ஒவ்வொரு நடை முடிந்ததும் படிக்கட்டில் நின்றபடியே, காற்றில் கலைந்த முடியை அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சீவிக்கொள்வார். இப்போது அது அத்தையிடம் இருக்கிறது. அத்தை அதை முகம் பார்க்க எடுத்து நான் பார்த்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அத்தை அவருடைய மனைவி. எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே காம்பவுண்டுக்குள், திண்டுக்கல்லில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் இருந்தன. அப்பா வேலை காரணமாகத் திருப்பூரிலேயே தங்கிவிட்டவர். அதனால் சாப்பாடும் சண்டையும் ஜெபமும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான். அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. அத்தையைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால் முதலில் சொல்லத் தோன்றுவது, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள் என்பதுதான். அரிசியை மூன்று தண்ணீரில் களைய வேண்டும் என்று யாரோ ஒருமுறை சொல்லியிருந்தால் குழாயில் தண்ணீர் வராத நாளிலும் மூன்று தண்ணீர்தான். மாமா இதை வைத்து அவளைச் சீண்டாத நாளே கிடையாது. "மருமகளே, உங்க அத்தைகிட்ட மட்டும் பாத்துச் சொல்லு. மூச்ச விடாதேன்னு சொன்னா விடமாட்டா" என்பார் என்னிடம்.

நான் பள்ளியிறுதியில் படித்துக்கொண்டிருந்தபோது மாமாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து மாத்திரை தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள் மாத்திரை; அதை விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. மாமா விடியுமுன் முதல் நடைக்குப் போய்விடுவதால், வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் அந்தப் பொறுப்பை அத்தையிடம் கொடுத்தார். ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் நோய் மாத்திரைக்கு மசியாமல் போய்விடும் என்றார். குமட்டும், வாந்திகூட வரும், அதற்காக நிறுத்தக் கூடாது. பசி கொஞ்ச நாள் இருக்காது, அது நோயினால். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டாலும் இவற்றையெல்லாம் நானும் சொல்வேன். ஆனால் கூடவே இன்னொன்றையும் சொல்வேன். அதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை, அல்லது சொல்லி எங்கள் யார் காதிலும் விழவில்லை.

அத்தை அந்த வேலையைப் பூசைக்குரிய பக்தியோடு செய்தாள். மாத்திரை நாட்களில் விடியற்காலையில் மாதா படத்துக்கு முன்னால் மாமாவை நிறுத்தி, ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, "ஆ காட்டுங்க" என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகே செருப்பு மாட்ட விடுவாள். "ஏண்டி, சாமியார்கூட பூசையில நன்மை அப்பம் குடுத்துட்டு இப்பிடி வாயத் தொறந்து பாக்க மாட்டாரு" என்று மாமா சொல்வார். முதல் சில வாரங்களில் இருமல் குறைந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள்.

பிறகு குமட்டல் வந்தது. குமட்டும் என்று சொல்லியிருந்தார்கள். சோறு வேண்டாம் என்றார், பசி இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவதாகச் சொன்னார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம், பின்னாளில் நான் படித்த படிப்பு அதை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. இந்த வரிசையை மனதுக்குள் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஈரல் புண்ணாகும்போது அது காட்டக்கூடிய அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் முன்கூட்டியே ஒரு சமாதானம் இருந்தது. சமாதானம் இல்லாமல் மிச்சமிருந்தது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணை நாங்கள் பார்த்ததெல்லாம் விடியுமுன்பும் இருட்டிய பின்பும், குண்டு பல்பின் வெளிச்சத்தில்.

பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்த்தவர்கள் பஸ் பயணிகள். கொடைரோட்டில் கூடையோடு ஏறித் திண்டுக்கல் பூச்சந்தைக்கு வருகிற பூக்காரம்மா ஒருத்தி இருந்தாள். மாமாவுக்கும் அவளுக்கும் தினமும் வாய்ச்சண்டை. ஓர் இரவு சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மாமா அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"இன்னைக்கு நம்ம பூக்காரம்மா சொல்லுது, 'ஏய்யா கண்டக்டரு, ஒங் கண்ணு என்ன மஞ்ச சாமந்தியாட்டம் கெடக்கு? எங் கூடையில இருந்து ரெண்ட உருவிட்டியா'ன்னு. பஸ்ஸே சிரிக்குது. கண்ணாடிய எடுத்துப் பாத்தேன், அந்த ரோட்டு வெயில்ல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது."

அம்மா சிரிக்கவில்லை. "நெசமாவாடா? இங்க திரும்பு" என்றாள். அத்தை எழுந்து வந்து மாமாவின் தாடையைப் பிடித்து பல்புக்கு நேராகத் திருப்பினாள். இமையை இறக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையே மதினி. இந்த வெளிச்சத்துல இவரு வெள்ள வேட்டியே மஞ்சளாத்தான் இருக்கு."

"கல்யாணத்தன்னிக்கு எங்க அக்கா அப்புன சந்தனம், இப்பத்தான் கண்ணுக்கு எறங்கியிருக்கு" என்றார் மாமா. அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுநாள் மாத்திரை நாள். அத்தை கொடுத்தாள், மாமா நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வந்தபோதுதான் நாங்கள் பார்த்தோம். படியிறங்கி வெயிலுக்கு வந்தவரின் கண்ணில் வெள்ளை என்று ஒன்று இல்லை. மலைக்கோட்டைப் பாறை வெளுத்துக் கிடந்த அந்த வெயிலில் அவர் கழுத்தும் உள்ளங்கையும்கூட மஞ்சளாக இருந்தன. அத்தையின் கை அவளுடைய முக்காட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. உடனே செய்ய வேண்டியதை உடனே செய்தோம் என்றுதான் நினைத்தோம். காமாலைக்கு மருந்து கொடுப்பவர் ஒருவரிடம் அன்றே போய்க் கீழாநெல்லி அரைத்து வாங்கி வந்தார்கள். உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினார்கள். நெஞ்சுச் சளிக்கான மாத்திரையை நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்பது தனி நோய். அதற்குத் தனி மருந்து, தனிப் பத்தியம். சளி நோய்க்கு வாங்குகிற மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்க அந்த வீட்டில் யாருக்கும் வழியில்லை. ஒரு வேளைகூட விடக்கூடாது என்ற சொல்லை மட்டும் அத்தை பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமா பேச்சுக் குழறி, பகலில் தூங்கி, ஆட்களை மாற்றிக் கூப்பிடத் தொடங்கியபோது மதுரைக்குக் கொண்டுபோனோம். வார்டில் இருந்த டாக்டர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கண்ணு மஞ்சளான பிறகுமா இதக் குடுத்தீங்க?"

"விடக் கூடாதுன்னு சொன்னாங்களே சார்" என்றாள் அத்தை.

டாக்டர் எதுவும் திட்டவில்லை. அட்டையைத் திருப்பி அவள் கையில் வைத்தார். மாமா அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை. அவருடைய காக்கிச் சட்டையை வார்டில் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தந்தார்கள். கண்ணாடியும் சீப்பும் அதில் இருந்தன. அத்தை அழுததை நான் பார்த்தேன் என்றால் அது அந்தப் பையைப் பார்த்தபோது ஒருமுறைதான். அதன்பின் பல வருடங்களுக்கு அவள் யாருக்கும் கையால் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒங்கம்மா வந்து குடுப்பா" என்று தள்ளி நின்றுகொள்வாள்.

நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து, மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சிறுநீரகம் மாற்றுவதற்கு முன்பு, கொடுப்பவரின் திசுவும் வாங்குபவரின் திசுவும் ஒத்துப்போகின்றனவா என்று இரத்தத்தில் பார்க்கிற பிரிவு. அண்ணனுக்குக் கொடுக்கத் தங்கை வருவாள், தம்பிக்குக் கொடுக்க அக்கா வருவாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்கள்: பொருந்துகிறது. அதைக் கேட்டதும் முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. அங்கேதான், தற்செயலாகக் கையில் கிடைத்த கட்டுரை ஒன்றின் வழியாக, நான் பார்க்கிற அதே மரபுக்கூறுகளைச் சில மருந்துகளால் வருகிற ஈரல் காயத்தோடும் சேர்த்து ஆராய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஒரே மருந்தை ஆயிரம் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதபோது ஒருவருடைய ஈரல் மட்டும் ஏன் புண்ணாகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அவர் பிறக்கும்போதே அவருக்குள் எழுதப்பட்டிருக்கலாம் என்றார்கள்.

ஊருக்கு வந்த ஒரு விடுமுறையில் இதை அத்தைக்குச் சொன்னேன். அவளுக்குப் புரிகிற விதத்தில் சொல்ல, பஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டேன். உடம்பில் உள்ள ஒவ்வோர் அணுவும் தனக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை டிக்கெட்டைப் போல வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நீட்டுகிற கையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருவது. நோயை எதிர்க்கிற அணுக்கள் செக்கிங் ஏறுகிறவர்கள். சிலருடைய கையில் மருந்தின் தூள் ஒன்று வாகாக ஒட்டிக்கொள்ளும். அப்போது சொந்த டிக்கெட்டே கள்ள டிக்கெட் மாதிரி தெரியும். செக்கிங்காரர்கள் அந்த அணுவை அடித்து இறக்குவார்கள். மருந்தெல்லாம் போய் உடைகிற இடம் ஈரல் என்பதால் அடியும் அங்கேதான் விழும். மாமாவின் மாத்திரைகளைப் பொறுத்தவரை இது முழுக் கதை இல்லை, ஈரல் மருந்தை உடைக்கிற வேகமும் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் சொன்னேன். பாதிக் கதையைச் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனமில்லை.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். "அப்ப அவரு ஒடம்பே அவர எதிரின்னு நெனச்சிருச்சா?"

"ஒரு வகையில அப்பிடித்தான் அத்தை."

"அவருக்கு எதிரியே கெடையாதே தாயி. டிக்கெட் எடுக்காம ஏறுனவன்கூட அவருக்குச் சிநேகம்."

இன்னொரு கீரைக் காம்பை ஒடித்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "சாமந்தின்னு அந்தப் பொம்பள சொன்ன அன்னைக்கே நான் நிப்பாட்டியிருந்தா?"

"பொழச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு அத்தை" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த பதில்தான் அது. பொய் சொல்லாத ஒருத்தியின் வாயிலிருந்து கேட்டு முடிக்க விரும்பியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்த வருடம் அம்மா இருமத் தொடங்கினாள். சளியில் இரத்தம் கண்டது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நான் மருந்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது வாசல் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"அதே மாத்திரையா?"

"அதேதான். இதுக்கு அதுதான் மருந்து."

"மதினி, இத நீங்க வாயில வச்சா நான் இந்தக் காம்பவுண்டுல இருக்க மாட்டேன். ஒருத்தர என் கையால குடுத்து அனுப்பிட்டேன்."

உள்ளே கட்டிலில் இருந்த அம்மா இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். "அப்ப இப்பிடி இருமியே போய்ச் சேரட்டுங்கிறியா?"

"நீங்களும் அவரும் ஒரே வயித்துல பெறந்தவுக. ஒரே ரத்தம்." அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீதான படிச்சிருக்க. ஒத்துக்குமா, ஒத்துக்காதான்னு சொல்லு."

"தெரியாது அத்தை."

"அம்புட்டுப் பெரிய மிசினுல பாத்துமா தெரியாது?"

தெரியாதுதான். உடன்பிறந்த இருவரில் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்தக் கூறுகள் முழுதாக ஒத்திருக்கும். பாதி ஒத்திருக்க இரண்டில் ஒரு பங்கு. எதுவுமே ஒத்துப்போகாமலிருக்க மிச்ச வாய்ப்பு. அம்மாவுடையதை என்னால் பார்க்க முடியும். மாமாவின் இரத்தத்தில் ஒரு சொட்டுகூட உலகத்தில் எங்கும் மிச்சமில்லை. எதனோடு எதை ஒப்பிடுவது? ஒப்பிட்டு, ஒத்திருக்கிறது என்றே தெரிந்தாலும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது. ஒத்துப்போகவில்லை என்றாலும் ஆபத்து இல்லை என்று ஆகாது. என் வேலையில் எல்லோரும் கேட்க ஏங்குகிற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்களும் கேட்கப் பயந்து நின்றோம். மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அம்மாதான் முடித்து வைத்தாள். "தம்பிக்கு ஆனது எனக்கும் ஆகணும்னு சட்டமா? இங்க பாரு பிள்ள, நான் திங்கத்தான் போறேன். நீ எங்கயும் போக வேணாம். அன்னைக்கு விழுங்குறானான்னு பாத்த, இன்னைக்கு விழுங்குனது என்ன பண்ணுதுன்னு பாரு. அதுக்கு ஒன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா?"

அத்தையின் கை நிலையிலிருந்து மெல்ல இறங்கியது.

நெஞ்சு நோய் டாக்டரிடம் மாமாவின் கதையை முதலிலிருந்து சொன்னோம். தொடங்கும் முன்பே ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை, பிறகு வாரந்தோறும் அதே பரிசோதனை என்று முடிவானது. கடைசியில் அவர் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். "நீங்களா ஒருநாளும் நிறுத்தக் கூடாது. ஆனா குமட்டல், சோறு வேணாங்கிறது, கண்ணு மஞ்சள், இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன்னாடி எங்கிட்ட வரணும்." சுகாதாரப் பணியாளர் சொன்னதோடு சேர்ந்திருக்க வேண்டிய இன்னொரு வாக்கியம் அதுதான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சூரியன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வந்த பிறகு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்து, அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்தாள். வெயிலை அதில் வாங்கி அம்மாவின் கன்னத்தில் விழ வைத்து, இமையை இறக்கிக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மாத்திரை. மழை மூட்டமான நாளில் வெளிச்சம் வரும்வரை மாத்திரையும் காத்திருந்தது. "இவ எனக்கு நர்ஸா, போலீஸான்னு தெரியல" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நான் சனிக்கிழமைகளில் வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போவேன். ஆயிரம் தாள் பிரித்தவள் நான், அம்மாவின் முடிவு எழுதிய தாளில் மட்டும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை படிப்பேன்.

ஒரு புதன்கிழமை. நான் மதுரையில் வேலையில் இருந்தேன். அம்மா காலைக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. கண் வெள்ளையாகவே இருந்தது. வாந்தி இல்லை, வலி இல்லை. "சூடு ஆறிப்போச்சு, அதான்" என்றாளாம் அம்மா. மாத்திரையைக் கையில் எடுத்தும்விட்டாள். அத்தை அவள் உள்ளங்கையிலிருந்து அதைப் பிடுங்கி, அட்டையையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "காபிய வேணாங்குற ஆளா நீங்க? கெளம்புங்க" என்றாள். அம்மா வர மறுத்து நாளைக்கு என்றிருக்கிறாள். "அன்னைக்கும் நாளைக்குன்னுதான் இருந்தோம்" என்று சொல்லி அத்தை அவளைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரையைக் கொடுப்பதற்காக ஒரு காலத்தில் மாமாவை நாக்கைத் தூக்க வைத்தவள் அவள்.

அன்று மாலை போனில் எனக்கு எண்களைச் சொன்னார்கள். ஈரல் நொதிகள் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு ஏறியிருந்தன. கண்ணில் மஞ்சள் ஏறுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எல்லா மாத்திரையும் அன்றே நின்றது. அதன் பிறகு வந்த வாரங்கள்தான் மிகக் கொடுமையானவை. ஈரல் தேறும்வரை காசநோய்க்கு மருந்தில்லை. நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், நடுவில் அம்மா. எண்கள் இறங்கிய பின் டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக, சிறிய அளவில் திரும்பத் தொடங்கினார். ஒவ்வொரு புது மாத்திரைக்கும் முதல் நாள் அத்தை சாப்பிடவில்லை. ஒரு மாத்திரையை மட்டும் கடைசிவரை சேர்க்காமலேயே விட்டுவிட்டு, மருந்துக் காலத்தை நீட்டினார்கள். அம்மா பிழைத்தாள். மாமாவைக் கொன்றதும் அதே மாத்திரையா, இருவரிடமும் இருந்தது அதே மரபுக்கூறா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் பல்வேரில் சீழ் வைத்து எனக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். காலையில் மாத்திரையைப் பிரித்தபோது பின்வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏ தாயி, அதக் கைல வச்சுக்கிட்டே இங்க வெயிலுக்கு வா."

"இது வேற மாத்திரை அத்தை. பல்லுக்கு."

"மாத்திரை வேற. ரத்தம் வேறயா?"

போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். பச்சைப் பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்ட அந்தக் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் என் முகத்தில் ஏறியது. அத்தை இமையை இறக்கி, இடது கண்ணைப் பார்த்தாள், வலது கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் இடது கண்ணைப் பார்த்தாள்.

"ம், விழுங்கு" என்றாள்.

தண்ணீர் டம்ளரை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள்.